மூன்றாம் நாளுக்குப் பிறகு தாய் எங்கே?



மயிலாப்பூரில் நின்றுகொண்டு பிரசவ மருந்தைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேறுகால லேகியத்துக்குப் பேர்போன கடை. பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தால் போதும், சுக்கும் திப்பிலியும் ஓமமும் வாங்கிக் கிளறி வைத்துவிடுகிற தாய்மார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை, பெற்றவளை இன்னும் பல நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். நம் சுகாதாரத் துறைக்கு அது எவ்வளவு தெரியும்? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். கிராமத்துப் பெண் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பை ஏன் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று உலகமெங்கும் கேட்கிறார்கள். படிப்பில்லை, விவரம் போதவில்லை, பழக்கவழக்கம் விடவில்லை என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போன பிறகு அவளைத் தேடி யார் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். போகாத கவனிப்பை அவள் எப்படிப் பயன்படுத்துவாள்?

தமிழ்நாட்டைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டே மேலே போகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. 2018–20 கணக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. இது சும்மா வந்ததல்ல. நர்ஸ்கள் முறைவைத்து இரவும் பகலும் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-இல் ஓடத் தொடங்கிய 108 வண்டி, ஒவ்வொரு தாயின் சாவையும் ஏன் நடந்தது என்று உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கம், எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அந்த விசாரணை வழக்கத்துக்கு இந்த நகரத்தில் நீண்ட பரம்பரை உண்டு. டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னை நகரத்துத் தாய்மார்களின் சாவுக்கான காரணங்களை ஆராய்ந்து 1933-லேயே ஓர் அறிக்கை எழுதினார். சாவை எண்ணுவதில் நாம் கெட்டிக்காரர்கள். சாகாமல் அவதிப்படுகிறவளை எண்ணுவதில்தான் நம் கணக்கு தடுமாறுகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தருகிறது. பிரசவமான இரண்டு நாளுக்குள் டாக்டரோ நர்ஸோ மற்ற சுகாதாரப் பணியாளரோ பார்த்த தாய்மார்கள் இந்தியாவில் 100-க்கு 78 பேர். தமிழ்நாட்டில் 93 பேர். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் எங்கே இருந்தாள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். நர்ஸ் நடமாடும் வார்டிலேயே படுத்திருக்கிறவளை நர்ஸ் பார்த்தார் என்பது ஒரு சாதனையா? எல்லாப் பிரசவமும் வீட்டில் நடந்த காலத்தில் இந்த எண் ஒரு பெரிய செய்தியைச் சொல்லியிருக்கும். எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கும் காலத்தில், அவள் டிஸ்சார்ஜ் ஆகும்வரை அங்கே இருந்தாள் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. நான் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்த பிறகும் குறைந்தது மூன்று முறை தாயைப் பார்க்கச் சொல்கிறது: இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் ஒரு முறை, இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை. நம் எண் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

உடம்பு இந்த இரண்டு நாள் கணக்கை மதிக்கிறதா? அதையும் பார்த்துவிடுவோம். உதிரப்போக்கு முதல் நாளில் கொல்லும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரிப் பிரசவம், அதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். சுகப்பிரசவமானவளை அனுப்பிவைப்பதும் பெரும்பாலும் அந்த மூன்றாம் நாளில்தான்! தலைவலிக்கிறது, கண் மங்கலாக இருக்கிறது என்று அவள் சொல்லும்போது பக்கத்தில் பிரஷர் கருவி இருக்காது. தூக்கம் போதவில்லை, படுத்துக்கொள் என்று சொல்ல ஆள் இருக்கும். கருப்பையிலோ தையலிலோ சீழ் பிடித்தால் காய்ச்சல் தெரிய சில நாளாகும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் சிசேரியன். அதாவது வீட்டுக்குப் போகிற தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வயிற்றில் தையலோடு போகிறார்கள். மூளையின் இரத்தக் குழாயில் உறைகட்டுவது இரண்டாம் மூன்றாம் வாரத்திலும் வரும். மார்பில் பால் கட்டுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காரணமில்லாத அழுகை, இவையெல்லாம் வாரக்கணக்கில் வெளிப்படுகிறவை. போதாததற்கு, கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரத்தசோகையோடுதான் பிரசவ அறைக்குள் போகிறார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. இரத்தம் குறைவாக இருந்தவள் இரத்தம் இழந்து வெளியே வருகிறாள். அவளை மூன்றாம் நாளோடு மறந்துவிடலாமா?

சரி, அரசு அவளை வேண்டுமென்றே மறக்கிறதா? இல்லை. ஆனால் நம் திட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு விசித்திரம் தெரியும். நம் அடையாறோடு பிரிக்க முடியாத பேர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் இந்த நகரத்துக்குத் தந்தவர். அவர் பேரில் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ஆகி, 2011-இல் 12,000 ஆகி, இன்று ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000-இல் நிற்கிறது. நல்ல திட்டம், ஏழைப் பெண்ணின் கையில் போய்ச் சேர்கிற காசு. ஆனால் அந்தத் தவணைகள் எதைப் பார்த்து வந்தன? கர்ப்பத்தைப் பதிவு செய்தால் ஒன்று, அரசு ஆஸ்பத்திரியில் பெற்றால் ஒன்று, அப்புறம் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஒன்று. பிரசவம்வரை தாயைப் பார்க்கிற கண், பிரசவம் முடிந்த கணத்தில் குழந்தைக்குத் தாவிவிடுகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் எந்தக் குடும்பமும் அதை வாங்கத் தவறுவதில்லை. பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டால் அந்த எண்ணை யார் தேடுகிறார்கள்? 2011-இல் மத்திய அரசு வீடுதேடிப் போகும் ஒரு திட்டம் போட்டது: 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும். அருமை! ஆனால் திட்டத்தின் பெயரே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. தாயையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், போகிற போக்கில். தாயை மட்டும் குறிவைத்து அரசு தவறாமல் வந்த ஒரு காரியம் உண்டென்றால் அது குடும்பக் கட்டுப்பாடு. 1969-இல் ஆஸ்பத்திரிகளில் தொடங்கிய அகில இந்தியத் திட்டத்தின் பெயர் ‘பிரசவத்துக்குப் பிந்தைய திட்டம்’, வேலையோ கருத்தடை. இதைச் சொன்னால் கோபம் வருகிறவர்கள் இருப்பார்கள். கருத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயருக்குள் அடங்க வேண்டியது அது மட்டும்தானா என்று கேட்கிறேன்.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும். ‘அரசு எதற்கு? அந்த நாற்பது நாளும் தாய்வீட்டில் பாட்டியும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்களே, நம் பத்தியமும் எண்ணெய்க் குளியலும் சாம்பிராணியும் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன?’ நியாயமான கேள்வி. பத்தியத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பச்சை உடம்புக்காரியை வேலை செய்யவிடாமல், அவளுக்கென்று தனியாகச் சமைத்து, பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்து, வெந்நீரில் ஊற்றி, பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுகிற வழக்கத்தைவிட நல்ல ஏற்பாட்டை எந்த ஆஸ்பத்திரியும் கண்டுபிடிக்கவில்லை. 2015-இல் அரசே தந்த குழந்தைநலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். அவற்றில் தாய்க்கு ஒன்று சௌபாக்கிய சுண்டி லேகியம். லேகியத்தின் மதிப்பு அரசுக்கும் தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதே வழக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், தையல் ஆறாது’ என்று சொல்லி நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறவள், வியர்வை கொட்டுகிற சித்திரை மாதம், குடிக்கத் தண்ணீர் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்து வருகிற பெண்களைப் பற்றி எழுதிய இந்திய நரம்பியல் மருத்துவர்கள், உடம்பில் நீர்ச்சத்து குறைவதை அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிக்கு அன்பு உண்டு, அனுபவம் உண்டு, பிரஷர் கருவி இல்லை. பாட்டியோடு சண்டை போட வேண்டியதில்லை. பாட்டி இருக்கிற வீட்டுக்குள் ஒரு செவிலியர் வந்து உட்கார்ந்தால் போதும். ‘ஆத்தா, பூண்டு குடு, கருவாடு குடு, எல்லாம் குடு, தண்ணியை மட்டும் நிறுத்தாதே’ என்று நேருக்கு நேர் சொன்னால் கேட்கிற பாட்டிகளே நம் ஊரில் அதிகம்.

‘தாய் மரணம்தான் குறைந்துவிட்டதே, இனி என்ன அவசரம்?’ என்பது அடுத்த ஆட்சேபம். சாவு மட்டுமே அளவுகோல் என்றால் இந்த ஆட்சேபம் சரி. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் டாக்டர் அபய் பங்கும் இரண்டு கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கிறவரை உலுக்கும். 100-க்கு 92 பெண்களுக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு முறையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 8 பேர். பின்னாளில் அதே பகுதியில் பிரசவமான பெண்களை வீடுவீடாகத் தொடர்ந்து பார்த்தபோது, பேறுகாலத்துக்குப் பிறகு மட்டும் 100-க்கு 43 பேருக்கு ஏதேனும் ஒரு கோளாறு கண்டது. இவர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் நோயாளி அல்ல. ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். கட்சிரோலி எங்கோ இருக்கிறது என்பீர்கள். வேலூருக்கு வருவோம். கணியம்பாடி ஒன்றியத்தில் 359 பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்து ஆய்வாளர்கள் 2002-இல் எழுதினார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் 100-க்கு 11 பேர். காரணங்களைக் கேளுங்கள்: குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கைவேலைக்கு ஆளில்லாமை. மருந்துக் கடையில் தீர்கிற காரணம் ஒன்றாவது இருக்கிறதா? அந்தப் பெண் எந்த வீட்டில், யாரோடு இருக்கிறாள் என்பதை உள்ளே போய்ப் பார்த்தால் ஒழிய இந்தச் சங்கதி ஒருநாளும் வெளியே வராது.

‘உள்ளே போக வேண்டாம், அவளையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லலாமே’ என்கிறார்கள் சிலர். விழிப்புணர்வு முகாம் நடத்து, சுவரில் எழுது, பாட்டுப் போடு, வந்துவிடுவாள் என்கிறார்கள். நான் கேட்கிறேன்: பதினோராம் நாள்கூட ஆகாத பச்சை உடம்புக்காரி, வயிற்றில் தையலோடு, கையில் சிசுவோடு, நாளுக்கு நாலு முறை வருகிற பஸ்ஸைப் பிடித்து, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவர வேண்டுமா? அவள் வெளியே வரக் கூடாது என்று வழக்கம் சொல்வதில் உடம்பின் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. சட்டம் எட்டுகிற தனியார் கம்பெனியில் 26 வாரம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவளுக்கு? அவளுடைய அம்மாவும் அவளுக்குத் துணையிருந்தால் அன்றைய கூலியை விட்டுவிட வேண்டும். இரண்டு பேர் கூலியை இழந்து ஆட்டோவுக்கும் கொடுத்து ‘எல்லாம் நல்லா இருக்கு, போம்மா’ என்ற வார்த்தையை மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டியிருப்பதால்தான் அவள் வருவதில்லை. அதற்கு விவரமின்மை என்று பேர் வைப்பது நமக்கு வசதி.

வழக்கமே இங்கே நமக்குக் கைகொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாற்பது நாள் அவள் வீட்டை விட்டு அசைவதில்லை. எந்த நோயாளியாவது இவ்வளவு உறுதியாக ஒரே விலாசத்தில் இருப்பாரா? அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அந்த விலாசத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதும் அரசின் 102 தாய்சேய் நல ஊர்திதான். வண்டிக்கு வழி தெரிகிறது. வண்டி போன தெருவுக்குச் செவிலியர் போகக் கூடாதா? கர்ப்பத்தின்போது இந்த அரசு வழக்கத்துக்குள் எவ்வளவு லாவகமாக நுழைந்தது என்று நினைத்துப் பாருங்கள். சமுதாய வளைகாப்பு என்று பந்தல் போட்டு, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, ஐந்துவகைச் சாதம் போட்டு, நடுவே சத்துணவையும் இரும்புச்சத்து மாத்திரையையும் பற்றிப் பேசிவிடுகிறார்கள். வளைகாப்புக்கு வரத் தெரிந்த அரசுக்குத் தொட்டில் போடுகிற வீட்டுக்கு வரத் தெரியாதா?

‘செவிலியருக்கு நேரம் ஏது’ என்பார்கள். நான் மிகவும் மதிக்கிற ஆட்சேபம் இதுதான். ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. காலியிடம் விழுந்தால் பக்கத்து ஊரும் அவர் தலையில். தடுப்பூசி அவர், கர்ப்பிணிப் பதிவு அவர், ஆன்லைனில் ஏற்றுவது அவர். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் குறைவு என்பதால் பச்சிளங்குழந்தைத் திட்டத்தின் அந்த ஆறு வருகைகளும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான். போதாக்குறைக்கு, புகுந்த ஊரில் பதிவான பெண் ஏழாம் ஒன்பதாம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். இந்த ஊர்ச் செவிலியர் ‘என் ஆள் இங்கே இல்லை’ என்கிறார்; அந்த ஊர்ச் செவிலியர் ‘என் லிஸ்டில் இல்லை’ என்கிறார். இரண்டும் உண்மை, நடுவே அவள். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கிய நாளிலிருந்து, சில ஆயிரம் பேருக்கு ஒரு குடும்பநல மாது வீடுவீடாகப் போகிறார். முதல் பத்து நாளுக்குள்ளேயே தாயைப் போய்ப் பார்ப்பது அங்கே தயவு அல்ல, கடமை. அவரும் நம் செவிலியரைப் போலத்தான், அவருக்கும் பதிவேடு உண்டு, மழை உண்டு. எந்த வருகையை விட்டால் மேலதிகாரி கேட்பார் என்பதில்தான் வித்தியாசம். நம் மாதாந்திரக் கூட்டத்தில் கர்ப்பிணிப் பதிவு எத்தனை என்று கேட்கிறார்கள், தடுப்பூசி எத்தனை என்று கேட்கிறார்கள். ஐந்தாம் நாள் எத்தனை தாய்மார்களுக்குப் பிரஷர் பார்த்தாய் என்று கேட்கட்டும், நிலைமை எப்படி மாறுகிறது பார்ப்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. பிரஷர் பார்க்கிற ஆள் தெருவுக்குள் ஏற்கெனவே நடக்கிறார் என்றுதானே அர்த்தம்? அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் ஐந்து நாளைக்கு முன் பிள்ளை பெற்றவளைத் தாண்டிப்போவதற்கு என்ன காரணம் சொல்வது? பிக்மி எண் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது போகிற ஊரைக் கேட்டு அந்த ஊர்ச் செவிலியரின் போனுக்குத் தகவல் தள்ளினால் பட்டியல் தகராறும் பெரும்பாலும் தீரும். சென்னைக்கும் இது பொருந்தும். கோஷா ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு விழுப்புரத்துப் பக்கம் தாய்வீட்டுக்குப் போகிறவள், நகரத்துக் கணக்கில் முடிந்துபோனவளாகவும் கிராமத்துக் கணக்கில் வராதவளாகவும் இருக்கிறாள்.

எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு நாள் அவள் தானாகவே வருகிறாள். நாற்பத்தைந்தாம் நாள், ஒன்றரை மாத ஊசிக்கு. பத்தியம் முடிந்திருக்கும், தீட்டுக் கழிந்திருக்கும், யாரும் தடுக்கமாட்டார்கள். புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவைப் பாருங்கள். குழந்தையை எடை போடுகிறார்கள், தொடையில் ஊசி, வாயில் சொட்டு மருந்து, காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து, அட்டையில் தேதி. ‘அடுத்தது ரெண்டரை மாசத்துல வாம்மா’, அடுத்த குழந்தை. குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்கிற ஆறாவது வார வருகை அங்கே நம் கண் முன்னாலேயே நடந்துவிட்டது, அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம். பிரஷர் பார்க்க இரண்டு நிமிடம், விரல் நுனியில் இரத்தம் எடுத்து சோகை பார்க்க இன்னும் இரண்டு நிமிடம், தையல் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று தனியே அழைத்துக் கேட்க ஐந்து நிமிடம். கருவி அந்த அறையிலேயே இருக்கிறது. இதற்கு உலக வங்கியின் கடன் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். தடுப்பூசி அட்டையில் குழந்தைக்குக் கீழே தாய்க்கும் நாலு கட்டம் போட்டு, அவை காலியாக இருந்தால் மாதக் கூட்டத்தில் ஏன் என்று கேட்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். சுகாதாரத் துறையில் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். வருகிற புதன்கிழமையே ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.